சுவரில் ஒரு நாட்காட்டி, பையில் மரமுளை: ‘தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்’ (1964) – நிகழ்வு ஆய்வு

உலகத்தில் மிஞ்சிய ஒரே ஆள் என்று ஒருவனைக் காட்டிவிட்டால், அடுத்த நிமிடமே இயக்குநருக்குத் தலைவலி தொடங்கும். அவன் காலையில் எழுந்து என்ன செய்வான்? பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. சம்பளம் இல்லை, சண்டை இல்லை, காதல் இல்லை. கதையை நகர்த்த வழக்கமாகக் கைகொடுக்கும் எதுவும் கையில் இல்லை. இந்த இடத்தில்தான் இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் சறுக்குகின்றன. பத்து நிமிடம் வெறிச்சோடிய தெருவைக் காட்டிவிட்டு, பதினோராவது நிமிடத்தில் இன்னொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்.

ஒரே நாவலை வைத்து மூன்று படங்கள் எடுத்திருக்கிறார்கள். 1964-இல் ‘தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்’, 1971-இல் ‘தி ஒமேகா மேன்’, 2007-இல் ‘ஐ ஆம் லெஜண்ட்’. மூன்றில் பரம ஏழை முதல் படம். கறுப்பு வெள்ளை, 86 நிமிடம், ரோமில் படப்பிடிப்பு, பாதிப் பேருக்கு இரவல் குரல். நாவலாசிரியரே தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அந்த முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னது இந்தப் படம்தான்: கடைசி மனிதன் காலையில் எழுந்து வேலைக்குப் போவான். அந்த வேலை என்ன என்பதில்தான் கதையின் விஷமும் இருக்கிறது.

கைமாறிய கதை

ரிச்சர்ட் மாதீசனின் ‘ஐ ஆம் லெஜண்ட்’ நாவல் 1954-இல் மலிவுப் பதிப்பாக வந்தது. பதின்வயதில் 1931-ஆம் வருட ‘டிராகுலா’ படத்தைப் பார்த்தபோது, ஒரு ரத்தக்காட்டேரிக்கே இவ்வளவு பயம் என்றால் உலகமே காட்டேரியாகிவிட்டால் எப்படி இருக்கும் என்று தோன்றியதாக மாதீசன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கதை லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிறது. 1976-இல் தொடங்கி 1979-இல் முடிகிறது. நாயகன் ராபர்ட் நெவில், தொழிற்சாலையில் வேலை பார்த்த சாதாரண ஆள். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து தானே நுண்ணுயிரியல் படித்து, காட்டேரிப் பழங்கதைகளை ஒவ்வொன்றாக அறிவியலில் போட்டு உரசிப் பார்க்கிறான்.

அந்த உரசல்தான் நாவலின் அழகு. மனிதரைக் காட்டேரியாக்கும் நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா. காற்று படாத இடத்தில், உடம்புக்குள் சுகமாக வாழும். நோயாளியின் உடல் ஒருவிதப் பசையைச் சுரப்பதால் துப்பாக்கிக் குண்டு போட்ட ஓட்டை உடனே அடைபட்டுவிடும். அதனால் சுட்டுப் பயனில்லை. மரமுளை (கூராகச் சீவிய மரக்கட்டை) அடித்தால் காயம் திறந்தே கிடக்கும், காற்று உள்ளே போகும், கிருமி குணம் மாறி உடம்பையே தின்றுவிடும். பூண்டு ஒவ்வாமை. வெயில் கிருமியைக் கொல்லும். கண்ணாடிக்கும் சிலுவைக்கும் பயப்படுவதோ வெறும் மனசு சம்பந்தப்பட்டது. மந்திரமாக இருந்ததையெல்லாம் மருந்துக்கடைச் சீட்டாக மாற்றிவிட்டார் மாதீசன்.

1957-இல் பிரிட்டனின் ஹேமர் நிறுவனம் உரிமையை வாங்கியது. ‘தி கர்ஸ் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்’ அந்த வருடம்தான் வெளியாகி ஹேமருக்குக் காசைக் கொட்டியிருந்தது. மாதீசனை லண்டனுக்கு வரவழைத்து ‘தி நைட் க்ரீச்சர்ஸ்’ என்ற தலைப்பில் ஸ்கிரிப்ட் எழுத வைத்தார்கள். வால் கெஸ்ட் இயக்குவதாகப் பேச்சு. ஸ்கிரிப்டைப் படித்த பிரிட்டிஷ் தணிக்கை வாரியம், இதைப் படமாக எடுத்தால் சான்றிதழ் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. எடுத்த பிறகு வெட்டச் சொல்வது ஒரு ரகம். எடுக்கும் முன்பே கதவைச் சாத்துவது இன்னொரு ரகம். எடுத்து வைத்துக்கொண்டு திரையிட முடியாத படத்துக்கு யார் காசு போடுவார்கள்? ஹேமர் அந்தக் கதையை ராபர்ட் லிப்பெர்ட்டிடம் தள்ளிவிட்டது.

லிப்பெர்ட் அமெரிக்கர். திரையரங்குகள் வைத்திருந்தவர், அரங்குகளுக்குத் தீனி போட மலிவாகப் படம் எடுத்தவர். ஐம்பதுகளில் ஹேமரோடு கொடுக்கல் வாங்கல் உள்ள பழைய கூட்டாளி. இந்தப் படத்தை ஃப்ரிட்ஸ் லாங் இயக்கப்போகிறார் என்று மாதீசனிடம் முதலில் சொல்லப்பட்டது. ‘மெட்ரோபோலிஸ்’ எடுத்தவர். கடைசியில் வந்து சேர்ந்தவர் சிட்னி சால்கோ. குறைந்த செலவு வெஸ்டர்ன்களும் தொலைக்காட்சித் தொடர்களும் செய்தவர். முந்தைய வருடம்தான், இந்தப் படத்தின் நாயகனான வின்சென்ட் ப்ரைஸை வைத்து ‘ட்வைஸ்-டோல்ட் டேல்ஸ்’ முடித்திருந்தார். படம் இத்தாலியக் கூட்டுத் தயாரிப்பு என்பதால் இத்தாலியப் பிரதியில் இயக்குநர் என்று உபால்டோ ரகோனா பெயர் வரும், அமெரிக்கப் பிரதியில் சால்கோ பெயர் வரும். எந்தப் பிரின்டைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து இயக்குநர் மாறுகிற படம் இது.

ஸ்கிரிப்டைப் பிறர் கைவைத்துத் திருத்தியதும் மாதீசன் ஒதுங்கிக்கொண்டார். டைட்டிலில் ‘லோகன் ஸ்வான்சன்’ என்று வருவது அவர்தான், புனைபெயர். வின்சென்ட் ப்ரைஸ் இந்த வேடத்துக்குப் பொருந்தவில்லை என்பதும் அவர் கருத்து. இத்தனைக்கும் அறுபதுகளின் தொடக்கத்தில் ப்ரைஸ் நடித்த, எட்கர் ஆலன் போவின் கதைகளை வைத்து எடுத்த படங்கள் சிலவற்றுக்குத் திரைக்கதை எழுதியவரே மாதீசன். ஆளைத் தெரிந்துதான் வேண்டாம் என்றார். அவர் கருத்து பாதி சரி. நாவலின் நெவில் முரட்டு உழைப்பாளி. ப்ரைஸோ ஆறடி நாலங்குலம், மேடைக்குரல், சாப்பாட்டு மேசையில் நாப்கினை மடித்து வைக்கிற ரகம். ஆனால் அந்த மனிதன் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிணத்தைக் காலைப் பிடித்து இழுத்துப் போகும்போது, முரட்டு ஆள் செய்திருந்தால் வராத ஒரு அலுப்பு வருகிறது. அது படத்துக்கு லாபம்.

ஒரு நாள் வேலை

படத்தில் நாயகன் பெயர் ராபர்ட் மார்கன். தொழிற்சாலை ஆள் ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானியாகிவிட்டான். கதை நடப்பது 1968-இல், அதாவது படம் வந்தபோது நான்கு வருடம் தள்ளிய எதிர்காலம். நகரத்தின் பெயர் முக்கியமில்லை. முதல் காட்சிகளில் காலி வீதிகள், படிக்கட்டில் கிடக்கும் உடல்கள், ஒரு தேவாலயத்து அறிவிப்புப் பலகையில் ‘முடிவு வந்துவிட்டது’ என்ற வாசகம். பிறகு ஒரு வீட்டுக்குள் போகிறோம். ஒருவன் தூங்கி எழுகிறான்.

அடுத்து வருவதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இதுதான் படத்தின் அடித்தளம்.

சுவரில் நாட்காட்டி. அச்சடித்தது இல்லை. அச்சடிக்க ஆள் ஏது? சுவரிலேயே கையால் கட்டம் போட்டு, மாதம் எழுதி, தேதி எழுதி வைத்திருக்கிறான். 1965 டிசம்பரில் தொடங்கும் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே வருகின்றன. உலகத்துக்கு வாரிசாகி மூன்றே வருடம்தானா, பத்துக் கோடி வருடம் மாதிரி இருக்கிறதே என்று ப்ரைஸின் குரல் பின்னணியில் ஓடுகிறது. இன்றைய தேதியை அடிக்கிறான். இன்னொரு நாளைக் கடத்தியாக வேண்டும், கிளம்பு என்று தனக்கே சொல்லிக்கொள்கிறான். வசனத்தில் வீரமும் இல்லை, அழுகையும் இல்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அலாரத்தை அணைப்பவனின் குரல்.

பிறகு வரிசையாக வேலைகள். ஜெனரேட்டர் ஓடுகிறதா பார்க்க வேண்டும். வானொலிக் கருவியில் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதில் வராது என்று தெரிந்தும் தினமும் கூப்பிட வேண்டும். வாசல் கதவில் தொங்கும் பூண்டுச் சரம் வீரியம் இழந்துவிட்டது, மாற்ற வேண்டும். கதவில் மாட்டிய கண்ணாடியை ராத்திரி வந்த காட்டேரிகள் உடைத்துவிட்டார்கள். வேறு கண்ணாடி வேண்டும். வாசலில் இரண்டு உடல்கள் கிடக்கின்றன. பசி தாங்காமல் அவர்களுக்குள்ளேயே நலிந்தவனை அடித்துப் போட்டது. அவற்றை வண்டியில் ஏற்ற வேண்டும். பெட்ரோல் போட வேண்டும். ஊருக்கு வெளியே பெரும் குழி ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. முகமூடி மாட்டிக்கொண்டு உடல்களை உள்ளே உருட்டி, பெட்ரோல் ஊற்றி, பந்தத்தை எறிய வேண்டும். அந்தக் குழி எதற்காகத் தோண்டப்பட்டது என்பது பிறகுதான் நமக்குத் தெரியும்.

வீட்டில் ஒரு லேத் இருக்கிறது. அதில் மரக்கட்டையைச் சுழலவிட்டு முளை சீவுகிறான். சீவியதைத் தோல்பையில் அடுக்கிக்கொண்டு, சுத்தியலோடு கிளம்புகிறான். கையில் நகர வரைபடம். முடித்த பகுதிகளுக்குக் குறியிட்டிருக்கிறான். வீடு வீடாக, கட்டடம் கட்டடமாகப் போகிறான். பகலில் தூங்கிக்கொண்டிருப்பவர்களைத் தேடி, நெஞ்சில் முளை வைத்து அடிக்கிறான். சால்கோ இதைக் கிட்டத்தில் ரத்தமாகக் காட்டுவதில்லை. சுத்தியல் ஏறி இறங்குகிறது, அடுத்த வீடு. மின் அளவி பார்க்க வரும் ஊழியர் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குவாரே, அந்த மாதிரி.

சூரியன் சாய்வதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். ராத்திரி வெளியே கூட்டம் சேரும். கதவைத் தட்டுவார்கள், கல்லாலும் கட்டையாலும் அடிப்பார்கள். பழைய சக ஊழியன் பென் கார்ட்மன் தினமும் வந்து, “மார்கன், வெளியே வா” என்று கத்துவான். மார்கன் இசைத்தட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டுப் படுக்கையில் கிடப்பான்.

கால் மணி நேரத்துக்கும் மேலாக இப்படியே ஓடுகிறது. எதிரே பேச ஆள் கிடையாது; மனக்குரல் மட்டும். குரல் அதிகம்தான். கண்ணால் பார்ப்பதையே குரலும் சொல்கிற இடங்கள் பல உண்டு. பாதியை வெட்டியிருந்தால் படம் இன்னும் இறுகியிருக்கும். ஆனாலும் எதையும் விளக்காமல் நேராக வேலையில் இறக்கிவிட்டது துணிச்சல். இந்த ஆள் யார், என்ன நடந்தது என்று நாம் கேட்கும் முன்பே அவனுடைய சலிப்பு நமக்குப் பழகிவிடுகிறது. பழகிய பின் அவன் செய்கிற கொலையும் உறுத்துவதில்லை. படம் நம்மிடம் செய்யும் தந்திரம் இதுதான். கடைசி ரீலில் இதற்குக் கணக்குத் தீர்க்கும்.

கணக்கு என்றதும் ஒன்று. படம் எண்ணிக்கை எதுவும் சொல்வதில்லை. நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் என்று வைத்தால், விடுமுறையே இல்லாமல் மூன்று வருடத்துக்கு 10,950 பேர். நாவல் நடக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1960 மக்கள்தொகைக் கணக்குப்படி சுமார் 24 லட்சத்து 79 ஆயிரம் பேர். அரை சதவீதம்கூடத் தேறவில்லை. எறும்புப் புற்றைக் குண்டூசியால் காலி செய்கிற வேலை. மார்கனுக்கு இது தெரியாமல் இருக்காது, அவன் விஞ்ஞானி. வேலையை நிறுத்தினால் நாளை எதற்கு எழுவது என்ற கேள்விதான் மிச்சம்.

காலி நகரம் கிடைத்த விதம்

வெறிச்சோடிய நகரத்தைப் படமாக்குவது பணப் பிரச்சினை. 1971-இல் ‘தி ஒமேகா மேன்’ குழு லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்தில் வார இறுதி அதிகாலைகளில் படம் பிடித்தது. கவனித்துப் பார்த்தால் தூரத்தில் வாகனங்கள் ஊர்வது தெரியும். 2007-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் எடுத்த ஒரு காட்சிக்கு மட்டும் ஆறு இரவுகளும் சுமார் ஐம்பது லட்சம் டாலரும் ஆனதாகச் செய்தி வந்தது. லிப்பெர்ட்டிடம் அந்த மாதிரிப் பணமோ போலீஸ் பந்தோபஸ்தோ கிடையாது.

அவருக்குக் கிடைத்தது ரோமின் தென்புறத்தில் உள்ள ஈயுஆர் பகுதி. 1942-இல் நடக்கவிருந்த உலகப் பொருட்காட்சிக்காக முசோலினி அரசு திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய இடம். போர் வந்தது, பொருட்காட்சி நடக்கவில்லை, கட்டடங்கள் அரைகுறையாக நின்றன. பிறகு 1960 ஒலிம்பிக்கையொட்டி மீதியை முடித்தார்கள். அகலமான சாலைகள், வெள்ளை டிராவெர்டைன் கல், கடைத்தெரு நெரிசல் இல்லாத நெடுந்தெருக்கள். ‘சதுர கொலோசியம்’ என்று ரோமானியர் கிண்டலாகக் கூப்பிடும் கட்டடத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு வரிசை, வரிசைக்கு ஒன்பது வளைவு, ஆக 54 வளைவுகள்; எல்லாம் ஒரே அளவு, ஒன்றிலும் ஆள் இல்லை. காளான் வடிவத் தண்ணீர்த் தொட்டி ஒன்றும் அடிக்கடி தலைகாட்டும். இரண்டு வருடம் முன்பு இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் ‘லெக்லிஸ்’ இதே பகுதியில்தான் முடிந்தது. நாயகனும் நாயகியும் வராத வெற்றுத் தெருமுனையை ஏழு நிமிடம் காட்டி முடிந்த படம். ஆள் இல்லாத உலகம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு ஈயுஆர் ஏற்கெனவே ஒத்திகை பார்த்து வைத்திருந்தது.

இதில் ஒரு செலவு மிச்சமும் உண்டு. அக்கால இத்தாலியில் படப்பிடிப்புத் தளத்து ஒலியை நம்பிப் படம் எடுப்பதில்லை. குரல், காலடி, கதவு, இன்ஜின் எல்லாம் பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பார்கள். பக்கத்துத் தெருவில் பேருந்து ஹாரன் அடித்தாலும் கவலையில்லை. இந்தப் படத்தின் நிசப்தம் தெருவில் பிடித்தது இல்லை, மேசையில் செய்தது. மார்கனின் காலடிச் சத்தம் மட்டும் கல்லில் மோதித் திரும்புகிறது. அவ்வளவு பெரிய ஊரில் அது ஒன்றுதான் கேட்கிறது என்றால் காரணம் ஒலிக்கலைஞர் வேறெதையும் போடவில்லை.

அதே முறைதான் படத்தின் பெரிய குறைக்கும் காரணம். ப்ரைஸ் தவிர முக்கியமானவர்கள் இத்தாலிய நடிகர்கள்: ரூத்தாக ஃபிராங்கா பெத்தோயா, மனைவி வர்ஜீனியாவாக எம்மா டானியெலி, பென் கார்ட்மனாக ஜாகோமோ ரோஸ்ஸி ஸ்டூவர்ட். ஆங்கிலப் பிரதியில் இவர்கள் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். தனியாக மார்கன் அலையும் வரை படம் கச்சிதம். இரண்டாவது ஆள் வாயைத் திறந்ததும் தொய்வு. டப்பிங் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் ஃபிளாஷ்பேக்கில் கணவனும் மனைவியும் மகளைப் பற்றிப் பேசி உடைகிற இடத்தில் குரலின் சூடு வேறு அறையிலிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடுகிறது.

பிரதி பற்றியும் சொல்லிவிட வேண்டும். படம் 2.35:1 அகலத் திரைக்காக (உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலம்) எடுத்தது. பல ஆண்டுகளாக அமெரிக்காவில் இதைப் பதிப்புரிமை இல்லாத பொதுச் சொத்தாகக் கருதி, கிடைத்த பிரின்டை எடுத்து மலிவான வீடியோவாகவும் டிவிடியாகவும் பலர் போட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை பழைய தொலைக்காட்சியின் 1.33 சட்டத்துக்குள் வெட்டியவை. கணக்குப் போட்டால் சட்டத்தின் அகலத்தில் நூற்றுக்கு 43 பங்கு போய்விடுகிறது. சாதாரணப் படத்தில் ஓரத்தில் நிற்கும் துணை நடிகர் போவார். இந்தப் படத்தில் ஓரத்தில் இருப்பது வெறுமை; அதைத்தான் வெட்டுகிறார்கள். நடுவில் ப்ரைஸ், சுற்றி ஒன்றுமில்லை என்ற ஷாட், நடுவில் ப்ரைஸ் என்று மட்டும் ஆகிவிடுகிறது. அந்தப் பிரதியைப் பார்த்துவிட்டுப் படம் சுமார் என்று சொன்னவர்கள் பலர். பார்ப்பதானால் முழு அகலப் பிரதியைத் தேடிப் பார்க்க வேண்டும்.

கதவுக் குமிழ்

நடுவில் நீளமான ஃபிளாஷ்பேக். ஐரோப்பாவில் கொள்ளைநோய், காற்றில் பரவுகிறது என்று செய்தி வருகிறது. மகள் கேத்தியின் பிறந்தநாள் விருந்தில் இதைப் பேசிக்கொள்கிறார்கள். செத்தவர்கள் திரும்ப எழுகிறார்கள் என்ற வதந்தியைப் பென் கார்ட்மன் நம்பத் தொடங்குகிறான். மார்கன் ஒதுக்கித் தள்ளுகிறான். பிறகு கேத்திக்குக் காய்ச்சல் வந்து பார்வை போகிறது. குழந்தை இறந்ததும் ராணுவ லாரி வந்து எடுத்துப் போய்விடுகிறது. மார்கன் வண்டியைத் துரத்திக்கொண்டு குழிவரை ஓடுகிறான். என் மகள் உள்ளே இருக்கிறாள் என்று கத்துகிறான். தடுக்கிற சிப்பாய் சொல்கிற பதில்: எத்தனையோ பேர் மகள்கள் உள்ளே இருக்கிறார்கள், என் மகள் உட்பட.

முதல் காட்சியில் அவன் முகமூடி போட்டுக்கொண்டு அலுப்போடு பிணம் தள்ளிய குழி இதுவேதான். படம் இதை அடிக்கோடிட்டுக் காட்டவில்லை. நாமாகவே கூட்டிக்கொள்ள வேண்டியது.

மனைவி இறந்ததும் அவளைக் குழிக்குக் கொடுக்க மனம் வராமல் ரகசியமாக மண்ணில் புதைத்துவிட்டு வருகிறான். அன்று ராத்திரி வீட்டில் தனியாக இருக்கிறான். வாசலில் ஏதோ சத்தம். கதவுக் குமிழ் மெல்லத் திரும்புகிறது. வெளியிலிருந்து முணுமுணுப்பு: “ராபர்ட்… உள்ளே விடு.” கதவைத் திறக்கிறான். மண் ஒட்டிய முகத்தோடு அவள் நிற்கிறாள். இசை உச்சத்துக்கு ஏறுகிறது, ஏறாமலே இருந்திருக்கலாம். அந்தக் குமிழ் திரும்பியதே போதும்.

எங்கே ஓட்டை

முதல் ஓட்டை பூண்டு. மூன்று வருடம் கழித்துக் கடையிலிருந்து பூண்டு எடுத்து வருகிறான். குளிரூட்டி வைத்தாலும் பூண்டு எட்டு, பத்து மாதம் தாங்கினால் பெரிய விஷயம். பிறகு முளைவிட்டு, உள்ளே சுருங்கி, பொக்காகிவிடும். எந்த வீட்டுச் சமையலறைக்கும் தெரிந்த சங்கதி. நாவலில் இந்தக் கேள்வி எழாது, ஏனென்றால் நெவில் கொல்லையில் கண்ணாடிக்கூடம் போட்டுப் பூண்டு பயிரிடுகிறான். படத்தில் கண்ணாடிக்கூடம் போயிற்று. பெட்ரோலும் அப்படித்தான். தொட்டியில் கிடக்கும் பெட்ரோல் ஒரு வருடத்துக்குள் கெடத் தொடங்கி, கார்புரேட்டரில் பிசினாகப் படியும். மூன்று வருடப் பெட்ரோலில் வண்டி ஒரே சாவியில் கிளம்புவது இந்த வகைப் படங்கள் எல்லாமே செய்யும் ஏமாற்று. இதை மட்டும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டாவது, எதிரிகள் நோஞ்சான்கள். தள்ளாடி நடக்கிறார்கள், ஒரு கையால் தள்ளினால் விழுகிறார்கள். தேவாலயத்தில் மனைவியின் சவப்பெட்டி அருகே தூங்கிப்போய் இருட்டிய பிறகு விழித்தெழும் மார்கன், அந்தக் கூட்டத்தின் நடுவே புகுந்து வீடு சேர்ந்துவிடுகிறான். பலகை அடித்த ஒரு வீட்டை மூன்று வருடமாக உடைக்க முடியாதவர்களைப் பார்த்து எப்படிப் பயப்படுவது? இந்தக் குறை வீணாகவில்லை. மாதீசனின் நாவலிலிருந்துதான் எடுத்தேன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஜார்ஜ் ரொமேரோ, 1968-இல் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ எடுத்தார். கறுப்பு வெள்ளை, பலகை அடித்த வீடு, வெளியே மெல்ல நடக்கும் பிணங்கள். அங்கேயும் ஒவ்வொன்றும் நோஞ்சான்தான். ஆனால் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை. பயம் அங்கிருந்து வந்தது. அந்தப் படமும் பொதுச் சொத்தாகிவிட்டது. தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பு வரி விடுபட்டுப் போனதே காரணம்.

மூன்றாவது, மார்கனுக்கு மட்டும் நோய் ஏன் வரவில்லை? எப்போதோ பனாமாவில் நோய்ப்பட்ட வௌவால் ஒன்று கடித்ததில் எதிர்ப்புசக்தி வந்திருக்கலாமாம். ஒரு வரியில் சொல்லித் தாண்டிவிடுகிறார்கள். தாண்டியதே நல்லது.

இரும்பு ஈட்டி

ஒரு நாள் மார்கன் வழக்கம்போல் வேலைக்குப் போன இடத்தில் சில உடல்களைப் பார்க்கிறான். ஏற்கெனவே கொல்லப்பட்டவை. நெஞ்சில் இருப்பது மரமுளை இல்லை, இரும்பு ஈட்டி. அவன் லேத்தில் இரும்பு சீவுவதில்லை. இந்த வேலையை வேறு யாரோ செய்கிறார்கள்.

பிறகு பட்டப்பகலில் ரூத் என்ற பெண்ணைப் பார்க்கிறான். துரத்திப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவருகிறான். பூண்டை முகத்தருகே காட்டியதும் அவள் குமட்டிப் புரண்டுவிடுகிறாள்; அவன் சந்தேகப்படுகிறான். தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளும்போது பிடிபடுகிறாள். உண்மை வெளிவருகிறது. நோய் வந்தும் சாகாதவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். உறையாதபடி செய்த ரத்தமும் தடுப்பு மருந்தும் கலந்த ஊசியால் கிருமியைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, பகலிலும் கொஞ்சம் நடமாடி, ஒரு சமூகத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மார்கன் வரைபடத்தில் குறியிட்ட பகுதிகளில் அவர்களும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நீ கொன்றவர்களில் பலர் உயிரோடு இருந்தவர்கள் என்கிறாள் ரூத். அந்த ஊரில் மார்கன் ஒரு பழங்கதைப் பூதம்: எல்லோரும் தூங்கும் பகலில் வந்து, ரத்தமில்லாத பிணங்களை விட்டுவிட்டுப் போகிறவன்.

இங்கேதான் முதல் இருபது நிமிடத்து நாட்காட்டி, லேத், தோல்பை, வரைபடம் எல்லாம் திரும்பி வந்து நம்மைப் பார்க்கின்றன. அவை உயிர்பிழைக்கும் கருவிகள் என்று நினைத்தோம். வெளியிலிருந்து பார்த்தால் தொடர்கொலைகாரன் வீட்டில் போலீஸ் எடுக்கும் சாட்சிப் பொருள்கள். அந்த வேலையை அவ்வளவு பொறுமையாக, அலுப்பு தட்டக் காட்டாமல் இருந்திருந்தால் இந்தத் திருப்பம் வெறும் வசனமாகவே நின்றிருக்கும்.

பின்னால் வந்த இரண்டு படங்களும் சறுக்கியது இங்கேதான். 1971-இல் சார்ல்டன் ஹெஸ்டனின் நெவில், தன் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை அடுத்த தலைமுறையிடம் கொடுத்துவிட்டு, நீரூற்றுத் தொட்டியில் கைகளை விரித்துச் சிலுவை மாதிரி சாகிறான். 2007-இல் வில் ஸ்மித்தின் நெவில், மருந்தைக் கொடுத்தனுப்பிவிட்டுக் கையெறிகுண்டோடு சாகிறான். இரண்டிலும் சாவு தியாகம். தியாகி குற்றவாளியாக முடியாது. எனவே அவன் கொன்றதெல்லாம் கணக்கில் வராது. 2007 படத்துக்கு இன்னொரு முடிவும் எடுத்தார்கள். அதில் எதிர்க்கூட்டத்துத் தலைவன், நெவில் பிடித்து வைத்துச் சோதனை செய்த தன் பெண்ணை மீட்டுப்போகவே வந்தான் என்பதும், அவர்கள் கண்ணுக்குத் தானே அரக்கன் என்பதும் நெவிலுக்கு உறைக்கிறது. நாவலுக்கு அதுதான் அருகில். திரையரங்குக்கு அதை அனுப்பவில்லை; டிவிடியில் போட்டார்கள்.

1964 படத்தில் மார்கன் தன் ரத்தத்தை ரூத்துக்கு ஏற்றி அவளைக் குணப்படுத்திவிடுகிறான். இது நாவலில் இல்லாத சேர்க்கை. நாயகனின் ரத்தமே மருந்து என்ற ஆசையை முதலில் நுழைத்தது இந்தப் படம்தான். ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. ரூத்தின் ஆட்களான கறுப்புச் சீருடைக் கூட்டம் வண்டிகளில் வந்து இறங்குகிறது. முதலில் வாசலில் திரியும் காட்டேரிகளை ஒழிக்கிறார்கள். தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பென் கார்ட்மனைக் கூரைமேல் சுட்டு வீழ்த்தும்போது, வேண்டாம் என்று கத்துவது மார்கன்தான். மூன்று வருடம் அவன் தேடித் தேடிக் கிடைக்காத ஒரே ஆள். பிறகு அவனைத் துரத்துகிறார்கள். ஆயுதக்கிடங்கில் புகுந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளை எடுத்து வீசிக்கொண்டு, காயத்தோடு தேவாலயத்துக்குள் ஓடுகிறான்.

நாவலில் நெவில் சிறைக்கு வெளியே கூடியிருப்பவர்களின் முகத்தில் தன்மேல் உள்ள பயத்தைப் பார்க்கிறான். அது நியாயம் என்று புரிந்து, ரூத் கொடுத்த மாத்திரையை விழுங்குகிறான். படத்தில் மார்கனுக்கு அந்தப் புரிதல் கிடைப்பதில்லை. பீடத்தருகே நின்று, நீங்களெல்லாம் பிறவிக்கோளாறுகள், நான்தான் மனிதன், கடைசி மனிதன் என்று கத்துகிறான். ஈட்டி பாய்கிறது. ரூத்தின் மடியில் கிடந்து, என்னைக் கண்டு பயந்தார்களா என்று வியப்போடு கேட்டுச் சாகிறான். அரைப் புரிதலோடு முடிந்த சாவு. நாவலின் முடிவுக்கு ஒரு படி கீழே.

மீதிப் படியைப் படம் வேறொருவர் வாயில் வைத்திருக்கிறது. ரூத் எழுந்து வாசலை நோக்கி நடக்கிறாள். கூட்டத்தில் ஒரு பெண்ணின் கையில் குழந்தை அழுகிறது. அழ ஒன்றுமில்லை, இனி எல்லோரும் பத்திரமாக இருக்கிறோம் என்று அதனிடம் சொல்லிவிட்டு வெளியே போகிறாள்.